முன்னேற்றப் பிரிவு

அந்த அலுவலகத்துப் பெரிய கூடத்தில் ஐந்து பேர் கொண்ட ஒரு பிரிவு, யாரும் எழுந்து நடக்காமலேயே, மூலைவிட்டமாக நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடி அறையில் இருந்த மேலாளர் அதற்கு முன்னேற்றப் பிரிவு என்று பெயர் வைத்திருந்தார். அது என்ன வேலை செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நகர்கிறதே, போதாதா? கூடத்தின் விதி எல்லோருக்கும் பழகியதுதான். தினமும் காலை மணி அடிக்கும்போது, தன்னைச் சுற்றியுள்ள எட்டு நாற்காலிகளில் இரண்டு பேராவது இல்லாதவர் சலித்துப்போய் மறைந்துவிடுவார். நான்கு பேரோ அதற்கு மேலோ நெருக்கினால் மூச்சுமுட்டி மறைவார். காலி நாற்காலியைச் சுற்றிச் சரியாக மூன்று பேர் இருந்தால் அதில் புதிதாக ஒருவர் முளைப்பார். மறைந்தவர் வேலையில்லாமல் தன் வீட்டில் உட்கார்ந்திருப்பார். முளைத்தவர் நேற்றுவரை வேலை தேடிச் செருப்பைத் தேய்த்தவராக இருப்பார். இப்படி ஆள் மாறி ஆள் மாறி, பிரிவு மட்டும் ஒவ்வொரு வரிசையாகத் தள்ளிப் போனது.

கடைசி மூலையில் கணக்குப் பிரிவு. முன்னால் இருவர், பின்னால் இருவர், ஆளுக்கு மூன்று அண்டை. அதனால் அசைக்க முடியாத உத்தியோகம். ஆனால் மணி அடிக்கும் நேரத்தில் நாற்காலி காலியாக இருந்தால் மற்ற மூவரின் நடுவே புது ஆள் முளைத்துவிடும் என்பதால் அங்கே ஒருவரும் லீவு போட்டதில்லை. அங்கே வேலை பார்த்த கணக்கம்மாவே அப்படி வந்தவள்தான். அவளுக்கு முன்னிருந்தவர் தும்மல் தாங்காமல் வெளியே போனார். திரும்பி வந்தபோது இவள் பேனாவைத் திறந்துவிட்டிருந்தாள். வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து படுத்ததிலிருந்து அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது, மகள் நர்ஸிங் படித்தாள்.

முன்னேற்றப் பிரிவு எட்டிப்பிடிக்கும் தூரத்துக்கு வந்தபோது அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். மேலாளரிடம் ஓடினாள்.

“சார், அது நேரா எங்க மேலதான் வருது. நடுவுல ரெண்டு சேரை எடுத்துடலாமா?”

“முன்னேற்றத்துக்குக் குறுக்க நிக்காதீங்கம்மா. வர்றவங்களுக்கு டீ சொல்லி வைங்க.”

டீ சொன்னாள். மறுநாள் மணி அடித்தது. அவள் கையில் பேனாவோடு வீட்டுக்காரரின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். “என்ன, இன்னைக்கு சீக்கிரமா?” என்றார் அவர். அவள் ஓவென்று அழுதாள்.

கூடத்தில் நாலைந்து நாள் ஒரே களேபரம், யார் யாரோ முளைத்தார்கள், மறைந்தார்கள். எல்லாம் அடங்கியபோது முன்னேற்றப் பிரிவைக் காணோம். கணக்குப் பிரிவு மட்டும் இரண்டு நாற்காலி தள்ளி, முன்னால் இருவர், பின்னால் இருவர் என்று ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. நால்வரும் புதியவர்கள்.

அடுத்த வாரம் அவள் அங்கே விட்டுவந்த டிபன் கேரியரை எடுக்கப் போனாள். மேலாளர் கணக்குப் பிரிவில் புதிதாக உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண்ணிடம், “கணக்கம்மா, பொண்ணு படிப்பெல்லாம் எப்படிப் போகுது?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கல்யாணமே ஆகாத அந்தப் பெண் ஒரு கணம் விழித்தாள். பிறகு, “நல்லாப் போகுது சார்,” என்றாள்.

வாசலில் நின்றவளுக்கு அதைக் கேட்டதும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் வயிறு எரிந்தது.

“யாரும்மா நீங்க?” என்றார் மேலாளர்.

“டிபன் கேரியர் எடுக்க வந்தேன் சார்.”

“எடுத்துக்குங்க. மணி அடிக்கிறதுக்குள்ள வெளிய போயிடுங்க.”

போனாள்.