நீலப் பெயின்ட் அடித்த மோட்டார்

2021 நவம்பர் 19-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, சித்தூர் மாவட்டம் நாராயணவனத்துக்குத் தெற்கே உள்ள கொத்தகுண்டா ஏரியில், மதகுத் தூணின் அளவுகோல் பதினேழு அடி காட்டியது. பத்தொன்பது அடியில் ஏரி நடுவிலுள்ள பாறைத் திட்டு முழுகும்.

திட்டின் மேல் சம்பத் இருந்தார். அவரோடு முப்பத்திரண்டு ஆடுகள். விடிந்ததும் கணுக்கால் தண்ணீரில் ஓட்டிக்கொண்டு போனவர். மலையில் இரவெல்லாம் பெய்த மழை அவருக்குப் பின்னாலேயே ஏரிக்குள் இறங்கிவிட்டது. மீன்காரர்களின் பரிசல்கள் இரண்டையும் வெள்ளம், உபரி நீர் வடியும் கலங்கல் வழியே, வெளியே தள்ளிக்கொண்டு போயிருந்தது. மிச்சம் இருந்தது நீர்ப்பாசனத் துறையின் இரும்புப் படகு ஒன்றுதான். அதன் பின்பக்கம் மாட்டியிருந்த மோட்டார் எழுபதுகளில் ஜப்பானில் செய்தது. ஒற்றை சிலிண்டர், எட்டுக் குதிரைத்திறன்.

அதைக் கிளப்பத்தான் ஹேமநாத் புத்தூரிலிருந்து பைக்கில் வந்திருந்தான். அங்கே அவனுக்கு டூவீலர் மெக்கானிக் கடை. இந்த மோட்டாரைத் தொட்டுப் பழகிய ஒரே ஆள் சுற்றுவட்டாரத்தில் அவன்தான். சம்பத் அவன் அக்கா ஸ்ரீதேவியின் கணவர். மழையில் நனைந்த புடவையோடு ஸ்ரீதேவி ஏரிக்கரை மேல் நின்றாள். கையிலிருந்த போனைப் பாலித்தீன் பைக்குள் போட்டு, ஸ்பீக்கரில் வைத்திருந்தாள்.

ஹேமநாத் கயிற்றை இழுத்தான். ஃப்ளைவீல் சுழன்று நின்றது. மறுபடி இழுத்தான். இருபது தடவை இழுத்தும் மோட்டார் ஒரு இருமல்கூட இருமவில்லை.

"இன்னா மச்சான், அலங்காரம் முடியலியா உன் மோட்டாருக்கு?" போனில் சம்பத்தின் குரல் காற்றோடு வந்தது. "கல்யாணப் பொண்ணு கூட இந்நேரம் மேடைக்கு வந்துட்டிருப்பா."

"பத்து நிமிஷம் மாமா. பிளக்தான் போலகுது."

"பத்து நிமிஷம்னு உங்க அக்கா பொடவை கட்டும்போது சொல்லுவா. நீயும் அதே ஜாதிதான்டா."

ஸ்ரீதேவி சிரிக்கவில்லை. "ஆட்டை வுட்டுட்டு மேல ஏறி நில்லுன்னா கேக்குறியா நீ?" என்றாள்.

"மேலதான் நிக்கிறேன். இதுக்கு மேல வானம்தான் இருக்குது."

ஹேமநாத் பிளக்கைக் கழற்றி வயரில் மாட்டி, மோட்டாரின் உடம்பில் ஒட்டிப் பிடித்தான். லஸ்கர் கேசவன் கயிற்றை இழுத்தார். மதகு திறந்து மூடுவது அவர் வேலை. இருபத்தாறு வருடமாகச் செய்கிறார். பொறி வரவில்லை. புது பிளக் போட்டான். அதிலும் வரவில்லை.

பெட்ரோல் இருக்கிறது, பொறி இல்லை. இனி ஃப்ளைவீலைக் கழற்றினால்தான் உள்ளே பார்க்க முடியும். நட்டு இறுகிக் கிடந்தது. அதற்கான இழுப்பான் அவன் பையில் இல்லை, கடையில்தான் இருந்தது. நாராயணவனத்துக்கு இந்தப் பக்கம் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டதாக அதற்குள் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கேசவனை ஃப்ளைவீலுக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பச் சொல்லிவிட்டு, இரும்புச் சுத்தியலால் தண்டின் தலையில் நான்கு அடி போட்டான். கழன்று வந்தது.

பொறியைத் தூண்டிவிடும் பாயிண்ட் கறுத்திருந்தது. எமரித் தாளால் தேய்த்து, இடைவெளியைப் பிளேடு விட்டுப் பார்த்தான். கண்டென்சரைக் கழற்றி, பையில் கிடந்த மொபெட் கண்டென்சர் ஒன்றைப் பொருத்தினான். மேலே ஒருவன் குடை பிடித்தும் எல்லாம் ஈரம். ஒவ்வொன்றையும் சட்டையின் உட்பக்கத்தில் துடைத்துப் போட வேண்டியிருந்தது. ஃப்ளைவீலை மாட்டிக் கயிற்றை இழுத்தான்.

பொறி இல்லை. மணி ஒன்று. அளவுகோலில் பதினேழே முக்கால்.

கரையில் இருந்தவர்கள் பொறுக்க முடியாமல் மூங்கில் கழிகளோடு படகில் ஏறினார்கள். நான்கு பேர். முப்பது அடி போவதற்குள் படகு பக்கவாட்டில் திரும்பிக் கலங்கல் பக்கம் ஓட ஆரம்பித்தது. முன்னெச்சரிக்கையாகக் கட்டியிருந்த கயிற்றைப் பதினைந்து பேர் பிடித்து இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பின் மோட்டார் இல்லாமல் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை.

கேசவன் அதிகாரிக்குப் போன் செய்தார். "சார், மோட்டார் ஸ்டார்ட் காலேது சார். மனிஷி உன்னாடு சார், திட்டு மீத," என்று, மோட்டார் கிளம்பவில்லை, திட்டின் மேல் ஆள் இருக்கிறார் என்பதைத் தெலுங்கில் இரண்டு முறை சொன்னார். பிறகு போனை வைத்துவிட்டுத் தமிழில், "திருப்பதிலேர்ந்து படகு வருதாம். வழில தரைப்பாலம் முழுகிக்கினு இருக்குதாம். சுத்திக்கினு வரணுமாம்," என்றார்.

"எத்தினி மணிக்கு?" என்று ஹேமநாத் கேட்டான்.

"அதைச் சொல்லல."

ஹேமநாத் மறுபடி ஃப்ளைவீலைக் கழற்றினான். மறுபடி அதே சுத்தியல். இந்த முறை டெஸ்ட் பல்பை எடுத்தான்; ஒரு டார்ச் பேட்டரி, ஒரு சின்ன பல்பு, இரண்டு வயர். பொறிக்கான மின்சாரத்தைத் தரும் காயிலின் இரும்பில் ஒரு முனையை வைத்தான். காயில் உட்கார்ந்திருந்த தட்டில் மறு முனையை வைத்தான். இரும்பும் இரும்பும் ஒட்டிக்கொண்டிருக்கிற இடம். பல்பு எரிந்தாக வேண்டும்.

எரியவில்லை.

தட்டைக் குனிந்து பார்த்தான். நீலமாகப் பளபளத்தது.

அந்த நீலத்தை அடித்தவன் அவன்தான். ஒரு மாதத்துக்கு முன்னால், ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பெரிய அதிகாரி பூஜைக்கு வருகிறார் என்று கேசவன் சொல்லியிருந்தார். மேல்மூடிக்கு மட்டும் பெயின்ட் அடித்தால் போதும் என்றும் சொன்னார். உள்ளே துருவைப் பார்த்த ஹேமநாத்துக்கு மனசு கேட்கவில்லை. காயிலைக் கழற்றி, தட்டு முழுக்க எனாமல் அடித்து, திருகுத் துளைகளுக்குள்ளும் பெயின்ட் இறங்க, காய்ந்ததும் காயிலை அதன் மேலேயே முடுக்கினான். காயிலுக்கு எர்த் கிடைக்கும் வழி அத்தோடு அடைபட்டது. வழக்கமாகச் செய்வதுபோல டிரம் தண்ணீரில் வைத்து ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அதற்குள் பூஜை நாள் வந்து, கேசவன் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டுவிட்டார். பூஜைக்கு வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு ஓட்டலாம் என்றார்கள். மறுநாள் டிரம்மை யாரோ கல்யாண வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மாலை காய்ந்து உதிரும்வரை மோட்டாரை ஒருவரும் தொடவில்லை.

"இன்னாடா பாத்துக்கினே இருக்குற?" என்றாள் ஸ்ரீதேவி.

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. "பெயின்ட்டு அக்கா. நான் அடிச்ச பெயின்ட். கரெண்டு போற வழிய நானே மூடிட்டேன்."

அவள் அவனைப் பார்த்தாள். திட்டைப் பார்த்தாள். "எடுத்துடலாமா?"

"எடுத்துடலாம்."

"அப்ப எடு. அழுவுறதுக்கு அப்பறம் டைம் இருக்குது."

ஸ்க்ரூடிரைவரால் தட்டைச் சுரண்டினான். நீலச் செதில்கள் படகுக்குள் விழுந்தன. திருகுகளைத் துடைத்தான். பல்பு எரிந்தது. மணி இரண்டரை, பதினெட்டரை அடி.

ஃப்ளைவீலையும் தண்டையும் ஒன்றாகப் பிணைப்பது பாதி நிலா வடிவத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டு. விரல் நகம் அளவுதான் இருக்கும், கீ என்பார்கள். அது தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் ஃப்ளைவீல் சரியான இடத்தில் நிற்கும், பொறி சரியான நேரத்தில் வரும். மாட்டும்போது அதன் ஓரத்தில் ஒரு வெட்டு விழுந்திருப்பதை ஹேமநாத் கவனித்தான். சுத்தியல் வேலை. வேறு கீ இல்லை. அதையே வைத்து முடுக்கினான்.

இரண்டாவது இழுப்பில் மோட்டார் பற்றியது. கரையில் கூச்சல் எழுந்தது. யாரோ கோவிந்தா என்று கத்தினார்கள். கேசவனும் ஹேமநாத்தும் படகைத் திருப்பினார்கள்.

"வர்றேன் மாமா!" என்று போனே இல்லாமல் கத்தினான்.

திட்டின் உச்சியில் சம்பத் கையை ஆட்டியது தெரிந்தது. தோளில் ஒரு குட்டி இருந்தது. பாதி தூரம் போயிருப்பார்கள். மோட்டார் படாரென்று பின்னுக்கு உதைத்து நின்றது. கயிற்றை இழுத்தால் கை மூட்டு கழலும்படி எதிர் உதை கொடுத்தது. கீ அறுந்துவிட்டது என்று மூடியைத் திறக்காமலே அவனுக்குத் தெரிந்தது. கரையிலிருந்தவர்கள் கயிற்றைப் பிடித்து அவர்களைத் திரும்ப இழுத்தார்கள். படகு திட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்தது.

ஆணியை வெட்டிக் கல்லில் தேய்த்து ஒரு கீ செய்தான். அரை மணி நேரம் ஆனது; அதற்குள் தண்ணீர் இன்னும் வேகமாக ஏறி, அளவுகோலில் பத்தொன்பதைத் தாண்டியிருந்தது. மாட்டி இழுத்தான். ஒரு முறை வெடித்தது, ஆணி நசுங்கியது. ஹாக்ஸா பிளேடை உடைத்து இன்னொன்று செய்தான். அது முதல் இழுப்பிலேயே உடைந்தது. விரல்களில் ரத்தம் வந்து, பெட்ரோல் பட்டு எரிந்தன.

"மச்சான்," என்றார் சம்பத் போனில். குரலில் கிண்டல் இல்லை. "முட்டிக்கு மேல வந்துட்சி. குட்டிய வுட்டுட்டேன்."

"மாமா, நீச்சல்..."

"கெணத்து நீச்சல்டா எனக்கு. இது எங்கியோ இழுத்துக்கினு போவுது." பிறகு, "ஸ்ரீதேவிகிட்ட குடு."

ஸ்ரீதேவி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, பையோடு போனைக் காதில் அழுத்திக்கொண்டு கரையில் சற்று தள்ளிப் போனாள். மணி மூன்றே முக்கால். ஹேமநாத் மூன்றாவது கீயைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் திரும்பி வந்தபோது போன் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கட் ஆயிட்சி," என்றாள்.

"கூப்புடுக்கா."

"கூப்ட்டேன்."

கேசவன் அவன் கையிலிருந்த கல்லை வாங்கிக் கீழே வைக்கப் பார்த்தார். ஹேமநாத் விடவில்லை. தேய்த்து முடித்தான், மாட்டினான், இழுத்தான். கீ அறுந்தது. திட்டு இருந்த இடத்தில் இரண்டு வேலிக்காத்தான் செடிகளின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் ஆடியது.

திருப்பதியிலிருந்து மீட்புக் குழுவின் ரப்பர் படகு ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் இருட்டும்வரை தேடினார்கள். ஒன்பது ஆடுகள் கிழக்குக் கரையில் தாமாக ஏறியிருந்தன. சம்பத்தின் உடல் மறுநாள் காலை பத்தே காலுக்குக் கலங்கலுக்குக் கீழே, கரும்புக் கொல்லையில் கிடைத்தது.