வாயை மட்டும் அசை

"யாரோ ஒருத்தர் மட்டும் சுருதி விலகிப் பாடுறீங்க," என்று பாட்டு வகுப்பு ஆசிரியை சொன்னதும் அச்சகக்காரர் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். பார்த்ததோடு விட்டிருக்கலாம். "எங்க வீட்டம்மாவாத்தான் இருக்கும் மேடம்," என்று சிரித்துக்கொண்டே சொல்லவும் செய்தார். கடைசி வரிசையில், சன்னலோரம் நின்றிருந்த அவள் கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பாட்டில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது அச்சகக்காரரின் எண்ணம். அச்சு இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே பாடிப் பாடி உரமேறிய தொண்டை அது. "முதலாளி பாடுனா மிஷினே வாயை மூடிக்கும்," என்று வேலையாட்கள் சொல்வதைப் பாராட்டு என்றே மனிதர் இத்தனை காலமும் வாங்கி வைத்திருந்தார். கல்யாணமான புதிதில் மனைவியும் பாத்திரம் கழுவும்போது பாடுவாள். "சுருதியே சேரல, உனக்கெதுக்கு இந்த வேலை?" என்று இவர் கேலி செய்யச் செய்ய, அது நின்றுபோனது. இந்த மாலை வகுப்பில் அவளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதும் ஒரு துணைக்குத்தான். முதல் நாளே மாடிப்படியில் நிறுத்தி, "நீ சும்மா வாயை மட்டும் அசை. மானத்த வாங்கிடாத," என்று சொல்லியிருந்தார். சொன்னதை அவரே மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை.

ஆசிரியை சின்ன வயதுக்காரி. யாரையும் திட்ட மாட்டாள். "ஒரு கையைக் குவிச்சு காதுக்குப் பின்னால வைங்க. இன்னொரு கை வயித்துல. மூச்சு அங்கிருந்து வரட்டும், கழுத்து புடைக்க வேண்டாம். நான் தோளைத் தொட்டா மட்டும் நிறுத்துங்க," என்றபடி வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். முதலில் மனைவியின் தோளைத்தான் தொட்டாள். பிசிறு அப்படியே இருந்தது. அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று ஒவ்வொரு குரலாக அடங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஆர்மோனியமும் அச்சகக்காரரும்தான் மிச்சம்.

குவித்த கைக்குள் தன் குரலை அவர் அப்போதுதான் கேட்டார். ஒரு நிறம் மட்டும் தள்ளி விழுந்த சுவரொட்டி மாதிரி இருந்தது. அப்படி ஒரு தாள் வந்தால் பார்த்த மாத்திரத்தில் கிழித்துப் போடுகிறவர் அவர். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிறுத்தினார்.

"அக்கா, நீங்க பாடுங்க," என்றாள் ஆசிரியை.

"நான் இதுவரைக்கும் பாடவே இல்லங்க. வாயைத்தான் அசைச்சிட்டிருந்தேன்."

"ஏன்க்கா?"

அவள் கணவரைப் பார்த்தாள். "தொண்டை சரியில்ல."

அந்தப் பொய்தான் அவரைக் கூனிக் குறுக வைத்தது. எல்லோர் முன்னாலும் உண்மையைப் போட்டுடைத்திருக்கலாம், அவள் செய்யவில்லை.

ஆசிரியை விடவில்லை. மனைவி தயங்கித் தயங்கி ஒரு வரி பாடினாள். மெல்லிய குரல், ஆனால் ஆர்மோனியத்தோடு இழைந்து போனது. "சார், அக்கா பக்கத்துல வாங்க. அவங்க குரல் உங்க காதுல விழுற அளவுக்கு மட்டும் பாடுங்க," என்றாள் ஆசிரியை. அவர் தாடையைத் தளர்த்தி, தொண்டையை அடக்கி, மனைவியின் குரலைப் பிடித்துக்கொண்டு பாடினார். ஓரிடத்தில் சுருதி சேர்ந்தது. வகுப்பே கை தட்டியது. அவருக்கு நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை.

வகுப்பு முடிந்து இருவரும் வண்டியில் வீடு திரும்பினார்கள். அவளை இறக்கிவிட்டு, அச்சகத்தைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது, கதவுக்கு இந்தப் பக்கமே கேட்டது. பாத்திரச் சத்தத்துக்கு நடுவே அதே வரி. அவர் சாவியைத் திருப்பியதும் பாட்டு பட்டென்று அறுந்தது.

"வந்துட்டீங்களா?"

நீ பாடு என்று சொல்ல வாய் வரை வந்தது. அதைச் சொல்லும் யோக்கியதை தனக்கு ஏது என்றிருந்தது.

"இல்ல, ஒண்ண மறந்துட்டேன். போயிட்டு வந்துடறேன்."

படியிறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையலறைச் சன்னலுக்குக் கீழே போய் நின்றார். உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்றுகூட நினைக்காமல், கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.