மூன்றாம் அதிகாரத்தில் சந்தேகம்

எனக்குப் பொறாமைக் குணம் கிடையாது என்று என் கணவரிடம் பல வருடமாகச் சொல்லிவருகிறேன். அவர் பல் செட் செய்கிறவர். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் இருப்பதைப் பார்த்தே பழகியவர் என்பதால், வாயிலிருந்து வருவதை அவ்வளவாக நம்புவதில்லை.

நான் ஆய்வு மாணவி. தண்ணீர்க் குழாய்களுக்குள் உப்பு எப்படிப் படிகிறது, எத்தனை நாளில் குழாயை அடைக்கிறது என்பது என் ஆராய்ச்சி. ஐந்தாவது வருடம். ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டேன். இந்தப் பருவத்துக்குள் அதை ஒப்படைத்தால் எங்கள் துறையிலேயே காலியாக இருக்கும் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்படைக்காதவர்கள் விண்ணப்பிக்க முடியாது. வேலை கிடைத்தால் மேடத்தின் அறைக்கு இரண்டு கதவு தள்ளி எனக்கும் ஓர் அறை. அந்த ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்பது வரைக்கும் நான் முடிவுசெய்திருந்தேன்.

மேடம் என்றால் என் நெறியாளர். அவருடைய முதல் ஆய்வு மாணவி நான்தான். இதை யாரிடமும் பெருமையடித்துக்கொண்டதில்லை. பேச்சு வந்தால் சொல்வேன். வராவிட்டால் வரவழைத்துச் சொல்வேன்.

எங்களை இரண்டு விதமாகக் கண்காணிப்பார்கள். ஒன்று, வருகைப் பதிவேடு. காலை பத்து மணிக்குள் ஆய்வுப் பிரிவுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நோட்டுக்குக் காவலாக ஓர் எழுத்தர் உட்கார்ந்திருப்பார். ரிஜிஸ்டர் சார் என்றால்தான் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பத்து அடித்ததும் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டுவிடுவார். போன வருடம் ஒருவன் தன் நண்பனுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டான். இரண்டு பேருடைய ஆய்வு மாணவர் பதிவும் ரத்தாகி, மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டாவது, சந்திப்புப் பதிவு. இது கம்ப்யூட்டரில். நெறியாளரைப் பார்த்துவிட்டு வந்ததும், எந்தத் தேதி, எத்தனை நிமிடம், என்ன பேசினோம் என்று மாணவர் எழுத வேண்டும். நெறியாளர் அதைப் படித்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். என்ன பேசினோம் என்பது மற்ற மாணவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஒரே நெறியாளரிடம் இருக்கும் எல்லோருடைய தேதியும் நிமிடமும் ஒரே பக்கத்தில் வரிசையாகத் தெரியும். இந்தப் பக்கத்தைச் செய்துவைத்த புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை, கத்துக்குட்டி வந்து சேரும் வரைக்கும்.

கத்துக்குட்டி முதல் வருடம். பெயர் நான் வைத்தது. தராசைத் துடைக்காமல் எடை போடுவான், போட்ட எடையை எழுதிவைக்க மறப்பான், பிறகு என்னிடம் வந்து, "அக்கா, அது நாலா ஏழா, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்பான். ஆய்வுக்கூடத்தில் இருக்கிற குழாய்த் துண்டுகளுக்கு இருக்கும் பொறுப்புக்கூட அவனுக்குக் கிடையாது. அப்படிப்பட்டவன் ஒரு செவ்வாய்க்கிழமை மேடத்தின் அறைக்குள் பதினோரு மணிக்குப் போனான், பன்னிரண்டரைக்கு வெளியே வந்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

என் வரிசையில் மாதத்துக்கு ஒரு சந்திப்பு. பதினைந்து நிமிடம். பதினைந்து. பன்னிரண்டு. பதினைந்து. அவன் வரிசையில் வாரத்துக்கு ஒன்று. தொண்ணூறு. தொண்ணூறு. எண்பத்தைந்து. தொண்ணூறு.

ஐந்து வருடத்தில் எனக்கு அந்த அறையில் தொண்ணூறு நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைத்ததே இல்லை. நான் உள்ளே போனால் மேடம் என் காகிதங்களைப் புரட்டுவார், "சரிம்மா, நல்லாருக்கு, மேல போ" என்பார். அவ்வளவுதான். எழுந்து வந்துவிடுவேன். இத்தனை நாள் அதை நான் பெரிய மரியாதையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன்.

"தொண்ணூறு நிமிஷமா? அதுக்குள்ள நான் கீழ்த்தாடை முழுசும் முடிச்சிடுவேனே," என்றார்.

"விளையாடாதீங்க. அப்படி என்னதான் பேசுவாங்க அவன்கிட்ட?"

"அவன்கிட்டயே கேளேன்."

"நான் எதுக்குக் கேக்கணும்? எனக்கென்ன வந்துச்சு?"

அவர் அரத்தை எடுத்து கையிலிருந்த செட்டில் ஒரு கடைவாய்ப்பல்லை ராவ ஆரம்பித்தார். ராவுகிற சத்தத்திலேயே சிரித்தார்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு வேலை ஓடவில்லை. மேடத்தின் கதவுக்கு எதிரே இருக்கிற தண்ணீர் வடிகட்டிக்குப் போய் அரை டம்ளர், அரை டம்ளராகப் பிடித்துக் குடித்தேன். உள்ளேயிருந்து மேடத்தின் குரல் ஏறி இறங்கிக் கேட்கும், வார்த்தை மட்டும் பிடிபடாது. ஒருமுறை அவர் சத்தமாகச் சிரித்ததுகூடக் கேட்டது. என்னிடம் அவர் புன்னகைத்திருக்கிறார், சிரித்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் லிஃப்டில் மேடமும் நானும் சேர்ந்து மூன்று மாடி ஏறினோம். "கடைசி அதிகாரம் முடிஞ்சுதா?" என்று கேட்டார். "முடிஞ்சுது மேடம்" என்றேன். கதவு திறந்தது. என் இடத்துக்கு வந்து சந்திப்புப் பதிவைத் திறந்து, அன்றைய தேதியைப் போட்டு, நாற்பது நிமிடம் என்று எழுதினேன்.

இது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தித்தோமா, சந்தித்தோம். ஆய்வைப் பற்றிப் பேசினோமா, பேசினோம். நிமிடம் மட்டும்தான் கொஞ்சம் கூடிவிட்டது.

அடுத்த வாரம் வண்டி நிறுத்துமிடத்தில் பார்த்து வணக்கம் வைத்தேன்: அறுபது நிமிடம். அதற்கடுத்து வராந்தாவில் எதிரெதிரே வந்து ஒதுங்கி வழிவிட்டோம்: எழுபத்தைந்து. பிறகு ஒன்றுகூடக் குறையாமல் தொண்ணூறு, தொண்ணூறு, ஒருமுறை நூறு.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. தொண்ணூறு நிமிடம் என்ன பேசினோம் என்று எழுத வேண்டும். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று எழுதினால் தொண்ணூறு நிமிடம் எதற்கு? அதற்கு இரண்டு நிமிடம் போதும். அவ்வளவு நேரம் பிடிக்க வேண்டுமென்றால் ஏதாவது பெரிய விவகாரம் இருந்தாக வேண்டும். ஆகவே "மூன்றாம் அதிகார அளவீடுகளில் சந்தேகம், விரிவாக விவாதித்தோம்" என்று எழுதினேன். அடுத்த வாரம், "சந்தேகம் நீடிக்கிறது" என்றேன். அதற்கடுத்து, "அளவீடுகளை மீண்டும் எடுப்பது பற்றி ஆலோசித்தோம்." உண்மையில் என் ஆய்வேட்டிலேயே குறை சொல்ல முடியாத பகுதி அந்த மூன்றாம் அதிகாரம்தான். ஒவ்வொரு குழாயையும் ஏழு முறை அளந்திருக்கிறேன். அதனால்தான் தைரியமாக அதில் கைவைத்தேன்.

மேடம் மாதக் கடைசியில் மொத்தமாக ஒப்புதல் கொடுப்பார். கொடுத்தார். என்னுடையது எல்லாவற்றுக்கும் ஒரே நிமிடத்தில் பச்சை விழுந்தது. கேள்வி இல்லை, திருத்தம் இல்லை. லிஃப்டில் பேசியதுகூட அவருக்கு நாற்பது நிமிடமாகத் தோன்றியிருக்கிறது போல என்று தலைகால் புரியாமல் மகிழ்ந்துபோனேன்.

கத்துக்குட்டியும் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறான். ஒருநாள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து தயங்கி நின்றான்.

"அக்கா, உங்களுக்கும் இப்பல்லாம் ரொம்ப நேரம் ஆகுதே. ஏதாவது பிரச்சினையாக்கா?"

"பிரச்சினை என்ன? மேடம் கூப்பிடறாங்க, போறேன்."

"இல்லக்கா, சும்மாதான் கேட்டேன்," என்று நகர்ந்தான். முகம் வாடிப்போயிருந்தது. பொறாமை என்று நினைத்தேன். அன்று மதியம் இரண்டு பேர் சாப்பாட்டை ஒரே ஆளாகச் சாப்பிட்டேன்.

ஒப்படைப்புப் படிவத்தை எடுத்துக்கொண்டு ஆய்வுப் பிரிவுக்குப் போனது கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்பு. படிவத்தோடு அந்தப் பருவத்தின் சந்திப்புப் பதிவையும் அச்செடுத்து வைக்க வேண்டும். ரிஜிஸ்டர் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்தார். அவர் படிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்தத் துறையில் எதையும் வரிவிடாமல் படிக்கிற ஒரே மனிதர் அவர்தான்.

"இதை எப்படிம்மா நான் மேல அனுப்பறது?" என்றார்.

"ஏன் சார்?"

"மூணாவது அதிகாரத்துல அளவெல்லாம் சந்தேகம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஒரு தடவை இல்ல, ஒம்பது தடவை. ஒம்பதுக்கும் மேடம் ஒப்புதல் குடுத்திருக்காங்க. சரிபண்ணியாச்சுன்னு ஒரு எடத்துலயும் காணோமே."

"அது சும்மா எழுதினது சார்."

விரலை எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "சும்மான்னா? சந்திப்பே நடக்கலியா?"

கையெழுத்து விவகாரத்தில் மூட்டை கட்டிப் போன அந்த இரண்டு பேரும் நினைவுக்கு வந்தார்கள்.

"நடந்துது சார்," என்றேன்.

"அப்ப மேடத்தைப் பாருங்க," என்று படிவத்தைத் தனியாக எடுத்துவைத்தார்.

மேடம் என்னைக் கூப்பிட்டது மறுநாள் காலை. நான் உள்ளே போனதும், "உக்காருங்க" என்றார். ஐந்து வருடமாக அவர் என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவார். அந்த 'ங்க' கேட்டதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

ஒன்பது பதிவும் அவர் முன்னால் காகிதமாகக் கிடந்தன. "இதெல்லாம் நேத்திக்குத்தான் படிச்சேன்," என்றார். "உங்க பேரைப் பாத்தா படிக்காமயே ஒப்புதல் குடுத்திடுவேன். அஞ்சு வருஷமா அப்படித்தான். படிக்க வேண்டிய அவசியம் இருக்கிறதா எனக்குத் தோணினதே இல்ல."

நான் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டுல ஒண்ணுதான். சந்திப்பு நடக்கலன்னா நீங்க பதிவேட்டுல பொய் எழுதியிருக்கீங்க. உங்க பதிவு ரத்தாகும். அதுக்கு ஒப்புதல் குடுத்த எனக்கும் விசாரணை வரும். நடந்துதுன்னா மூணாவது அதிகாரம் தப்பு. எல்லாத்தையும் திரும்ப அளக்கணும். ஆறு மாசம் ஆகும். எதுன்னு சொல்லுங்க."

"நடந்துது மேடம்."

அவருக்குத் தெரியும். சந்திப்பு நடக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். காகிதங்களை ஒன்றாக அடுக்கிவைத்துவிட்டு, "எதுக்கும்மா இப்படிப் பண்ணின?" என்றார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பழைய மேடம் திரும்பி வந்திருந்தார். அதுதான் என்னை உடைத்தது.

"அவனுக்கு மட்டும் தொண்ணூறு நிமிஷம் குடுத்தீங்களே," என்றேன். முப்பத்தொரு வயதில், ஐந்து வருட ஆராய்ச்சிக்குப் பிறகு, மிட்டாய் கிடைக்காத பிள்ளை மாதிரி அழுதேன்.

"குடுக்கலன்னா அவன் தேற மாட்டான். அதனால குடுத்தேன்," என்றார். பிறகு பேனாவை எடுத்து, என் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பும் தாளில் கையெழுத்துப் போட்டார். "மறு அளவீடு, ஆறு மாதம்" என்று அவர் எழுதுவதைத் தலைகீழாகப் படித்தேன். விரிவுரையாளர் வேலைக்கு மூன்று நாளில் கதவு மூடிவிடும்.

"நீங்க போகலாம்," என்றார்.

ஆய்வுக்கூடத்துக்கு வந்து, நன்றாக அளந்து முடித்த குழாய்களை மறுபடியும் அளப்பதற்காகப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கினேன். நாற்பத்திரண்டு குழாய், ஒவ்வொன்றும் ஏழு முறை. ஒரு புள்ளி கூட மாறாது என்று தெரிந்தே அளக்க வேண்டும்.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. கத்துக்குட்டி. கையில் பைண்டு செய்த தாள்கள், ஓரமெல்லாம் மடங்கி நைந்துபோயிருந்தன.

"அக்கா, இதை உங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடச் சொன்னாங்க மேடம்."

வாங்கிப் பார்த்தேன். என் மூன்றாம் அதிகாரம்.

"இது எப்படி உன்கிட்ட?"

"செவ்வாக்கிழமை பாடமே இதுதான்க்கா. வாரா வாரம் இதுலேருந்து ரெண்டு பக்கம் எடுத்துப்பாங்க. எப்படி அளக்கணும், எப்படிக் குறிச்சு வைக்கணும், எப்படி எழுதணும், எல்லாம் இதைப் பாத்துதான் சொல்லிக்குடுத்தாங்க. நான் ஒருநாள் தப்பும் தவறுமா எழுதிட்டுப் போனதுக்கு, அக்காவோட பேப்பரைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்கு, அப்பவாவது ஏறுதா பாக்கலாம்னு சொல்லி அப்படிச் சிரிச்சாங்க."

பக்கங்களைப் புரட்டினேன். ஓரங்களில் மேடத்தின் கையெழுத்து நெருக்கமாக இருந்தது. "இந்தப் பொறுமையைக் கவனி." "ஆறு முறை சரியாக வந்தும் ஏழாவது முறை அளந்திருக்கிறாள் பார்." நாற்பதாம் பக்கத்தில், பென்சிலில், "இதை என்னால்கூட இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க முடியாது."

ஐந்து வருடத்தில் இதில் ஒரு வார்த்தையை அவர் என்னிடம் சொன்னதில்லை. அத்தனையையும் வாரம் தவறாமல் எதிரே உட்கார்ந்து கேட்டவன் இதோ என் முன்னால் நிற்கிறான். இத்தனைக்குப் பிறகும் எனக்கு அவன்மேல் பொறாமையாகத்தான் இருந்தது. முன்பு இருந்ததைவிட அதிகமாக இருந்தது.

அவன் போகவில்லை. பக்கத்தில் குனிந்து, என் கையில் இருந்த தாள்களை எட்டிப் பார்த்தான்.

"இதுல அளவெல்லாம் தப்பாம், இனிமே இதைப் பாத்துப் படிக்காதன்னுட்டாங்க. எந்த எடத்துலக்கா தப்பு? நானும் மூணு தடவை தேடிப் பாத்துட்டேன். எனக்குக் கிடைக்கவே இல்ல."