இடக்கை அரிவாள்

எமர்ஜென்சி முடிந்த வருஷம், ஆவணி மாதம். மேலநீலிதநல்லூரில் கிடக்கும் தன் மானாவாரி நிலத்தை ஐப்பசி மழைக்குள் திருத்தி விதைத்துவிட வேண்டும் என்று ஆவுடையப்பனுக்கு ஒரு வெறி. சங்கரன்கோவிலில் ஆபீஸ் நாற்காலியைத் தேய்க்கிறவனுக்கு இந்த ஆசை ஏன் வந்தது என்று கேட்டால், பெண்டாட்டி வந்ததுதான் காரணம். புதுப்பெண் பிச்சம்மாள் வாசுதேவநல்லூர் வயல்காட்டில் வளர்ந்தவள். அரிவாளைக் கையில் பிடித்தால் ஆம்பிளை தோற்றான் என்று பெண் வீட்டார் பெருமையடித்திருந்தார்கள்.

நிலம் முழுக்க உடைமுள் புதர். பிச்சம்மாள் ஓங்கிப் போட்ட வெட்டு ஒன்றாவது முள்ளில் விழவேண்டுமே! எல்லாம் வழுக்கி மண்ணில் விழுந்தன.

"உங்க ஊர்ல முள்ளுக்கு வலிக்காமத்தான் வெட்டுவியளோ?" என்று சிரித்தான் ஆவுடையப்பன். அவளும் கூடச் சிரித்து வைத்தாள். வேறென்ன செய்வாள், பாவம்.

பிச்சம்மாள் இடக்கைக்காரி. புருஷன் வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது. முதலில் பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம், அவள் இடது கையால் வெற்றிலைத் தட்டை நீட்டிய மாத்திரத்தில் பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டது. அதன்பிறகு அவள் அம்மா அடித்தும் அழுதும், கோலம் போடுவதிலிருந்து சோறு போடுவதுவரை வலது கைக்குப் பழக்கி அனுப்பியிருந்தாள். வாய்த்த மாமியார் முப்பிடாதியம்மாளோ, பால்காரி இடது கையால் செம்பை நீட்டினாலே "விளங்காத கை" என்று காலையிலேயே கச்சேரி வைக்கிறவள். அந்தக் காதுக்கு இது எட்டினால் என்னாகும் என்று பயந்தே பிச்சம்மாள் அரிவாளையும் வலது கையில் பிடித்தாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே பெண்டாட்டிக்காகப் புருஷன் அரிவாளைக் கோணல் என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் ரோட்டில் இருக்கும் கொல்லர் நல்லக்கண்ணுவின் பட்டறைக்குப் புதிது வாங்கப் போனான்.

நல்லக்கண்ணுவிடம் இரும்பு நிற்கும், சொல் நிற்காது. உலை வாயை மூடினாலும் அவர் வாயை மூட முடியாது.

ஆவுடையப்பன் குட்டையாக ஒன்றை எடுத்தான். "இதான் தோது. சித்திரையில கூட்டாளிகளோட சிவகிரி மலைக்கு நடந்து போவம்லா, தோள்பையில அடங்கிரும். வழியில செடி கொடியும் வெட்டலாம், நம்ம முள்ளையும் வெட்டலாம்."

"பையில அடங்குதது முள்ளுக்கு ஆவாதுங்க" என்றாள் பிச்சம்மாள். "குட்டை அருவான்னா கையும் சேந்து முள்ளுக்குள்ள போயிரும். பிடி நீளமா இருக்கணும். மூக்கு வளைஞ்சிருந்தா வெட்டுனதை அதாலேயே இழுத்துப் போட்டிரலாம். அந்தா, அங்கன தொங்குது பாருங்க."

நல்ல அரிவாள். அவளுக்கு அதன்மேல் கண்டதும் ஆசை வந்துவிட்டது. ஆவுடையப்பன் அதை எடுத்தான். ஆனால் அவள் கையில் கொடுக்கவில்லை. இரும்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், அதிலும் புருஷன் பெண்டாட்டிக்குள் கூடவே கூடாது. தரையில் வைத்தான்.

யாராவது ஒன்றை நீட்டினால் பிச்சம்மாள் உஷாராக வலது கையை நீட்டுவாள். ஆனால் ஆசைப்பட்ட பொருள் கீழே கிடந்தால் எந்தக் கை என்று யார் யோசிக்கிறார்கள்? இடது கையால் எடுத்து, காற்றில் ஒரு வீச்சு வீசியும் பார்த்துவிட்டாள். பிறகுதான் சுரணை வந்து கை மாற்றினாள். ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் சுண்டிப்போனது. போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றாள் அவள்.

"அண்ணாச்சி, இடக்கைக்குத் தோதாத் தீட்டித் தருவியளா?" என்றான் அவன்.

"தீட்டுத பக்கத்தை மாத்துனாப் போச்சு. யாருக்கு வே?"

"எனக்குத்தான்."

நல்லக்கண்ணு துருத்தியை விட்டுவிட்டுச் சிரித்தார். "ஏலே, நீ என்னைக்குடே பீச்சாங்கைக்காரன் ஆன? எங்க, இந்தக் கம்புல ஒரு போடு போடு பாப்போம்!"

ஆவுடையப்பன் இடது கையால் ஓங்கிப் போட்டான். கம்பு அப்படியே கிடந்தது. அரிவாள் அவன் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் தரையில் குத்தி நின்றது. பக்கத்து டீக்கடையிலிருந்தவர்கள்கூட எழுந்து வந்து சிரித்தார்கள்.

தனக்காகப் பொய் சொல்லி இந்த மனுஷன் நாலு பேர் முன்னால் கோமாளியாக நிற்கிறானே என்று பார்த்தாள் பிச்சம்மாள். பயமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அரிவாளைப் பிடுங்கி இடது கையால் ஒரே போடு. கம்பு இரண்டாகித் தெறித்தது.

"எனக்குத்தான் அண்ணாச்சி" என்றாள். "நாந்தான் இடக்கை."

சிரிப்பு நின்றது. நல்லக்கண்ணு மறுபேச்சில்லாமல் அரிவாளை வாங்கித் தீட்ட உட்கார்ந்தார். ஆனால் பேச்சுக்கு அவர்தான் வேண்டுமா என்ன? டீக்கடை சும்மா இருக்குமா? இவர்கள் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

முப்பிடாதியம்மாள் வாசல் நடையிலேயே நின்றாள். "எம்மா, நான் சொல்லுதேன்..." என்று தொடங்கிய மகனை ஒரு பார்வையில் அடக்கினாள்.

"காட்டுடி கையை."

பிச்சம்மாள் இடது கையை நீட்டினாள்.

"அதில்லட்டி. மத்தக் கை."

வலது கையை விரிக்க அவள் தயங்கினாள். மாமியார் பிடித்து இழுத்து விரலைப் பிரித்தாள். பழக்கமில்லாத கையால் இத்தனை நாளாக முள் வெட்டியதில் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். உடைந்ததன்மேல் மறுபடி கொப்புளம். இந்தக் கையால்தான் தினமும் உப்பும் புளியும் கரைத்து மூன்று வேளையும் சமைத்திருக்கிறாள்.

முப்பிடாதியம்மாள் அந்தக் கையை மெல்ல விட்டாள். உள்ளே போய்த் தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து, மருமகளை உட்காரவைத்துத் தடவினாள்.

"என் வாய்க்குப் பயந்தா மக்கா இந்தக் கையை இப்பிடிப் புண்ணாக்கின?" என்றாள். "எரியுதா?"

"இல்ல அத்தே" என்று பொய் சொன்னாள் பிச்சம்மாள்.