சோப்பில் இரண்டு கோடு

மூன்றாவது தடவையும் பிளக் தரையில் விழுந்து உருண்டது. எலக்ட்ரீஷியன் குனிந்து எடுக்கவில்லை. செருப்பு நுனியால் அதை மேசைக்காலடிக்குத் தள்ளிவிட்டுக் கையை உதறிக்கொண்டார்.

"மரை தேஞ்சு போச்சுக்கா. திருகறதுக்குப் பிடியே இல்ல. மொட்டைத் தலைக்குப் பின்னல் போடுன்னா எப்படிப் போடுவேன்?"

"ஏழு வருஷமா கிடங்குல கிடந்த பெட்டிய்யா. யாரும் தொடலை. தொடாமலே எப்படித் தேயும்?"

"உப்புக் காத்து. இரும்பையே தின்னுது, பித்தளையை விட்டு வைக்குமா?"

அவள் பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். தலைமுதல் கால்வரை சாம்பல் பெயிண்ட் பூசிய கனத்த வயர்லெஸ் பெட்டி. ஏரியல் வயர் சேர வேண்டிய இடத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதுவும் சாம்பல்தான். நடுவில் ஒரு துளை. மரையின் தடம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. கூரைக் கம்பத்திலிருந்து ஜன்னல் வழியாக இறங்கி வந்த வயரின் முனையிலோ திருகு பிளக். இரண்டுக்கும் ஜாதகம் பொருந்தவில்லை.

துறைமுகத்தில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. படகுக்காரர் சங்கக் கட்டடத்தின் மாடி அறையில் உட்கார்ந்து, இருபத்தாறு வருஷமாகக் காலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் "கரை பேசுது" என்று தொடங்கி வானிலை படிக்கிறவள். அதனால் கரையக்கா. முதல் பத்தொன்பது வருஷம் இந்தச் சாம்பல் பெட்டியில்தான் பேசினாள். பிறகு வெள்ளை பிளாஸ்டிக்கில் புதுசு வந்தது, இது கிடங்குக்குப் போனது. போன ஞாயிற்றுக்கிழமை புதுசு புகை விட்டு அடங்கியது. கம்பெனிக்காரர்கள் உதிரி பாகம் வராது என்று ஒரே வரியில் கைவிரித்தார்கள். பழைய பெட்டிக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தாள். விளக்கு எரிந்தது, ஸ்பீக்கர் இரைந்தது. உயிர் இருக்கிறது, வெளியே போக வாசல்தான் இல்லை.

"எதுக்கும் ஒரு தடவை பேசிப் பார்ப்போம்," என்று எலக்ட்ரீஷியன் மைக்கை எடுத்தார்.

அவள் அவர் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள். "வைய்யா கீழே! ஏரியல் இல்லாம பொத்தானை அமுக்கினா, சூடு போக வழியில்லாம உள்ளேயே வெந்துடும். இருக்கற ஒண்ணையும் கருமாதி பண்ணிட்டுப் போகாதே."

"அப்ப வயரைச் சீவி அந்தத் துளைக்குள்ள சொருகி, டேப் சுத்தி விடவா?"

"பல்குச்சியா சொருகறதுக்கு? இடத்தைக் காலி பண்ணு."

அவர் படியிறங்கும்போதே செயலாளர் படியேறி வந்தார். சங்கத்தின் செயலாளர் அவள் கூடப் பிறந்த தம்பி. வீட்டில் "அக்கா, நீ" என்பவன், இந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததும் "நீங்க" ஆகிவிடுவான். ஆறு மாதமாக "மேடம்" வேறு சேர்ந்திருந்தது. அதனால் அவளும் விட்டுக்கொடுப்பதில்லை.

"வாங்க செயலாளர் சார்."

"மேடம், வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது. இந்த அறையை ஐஸ் பெட்டி வைக்கக் கேக்கறாங்க. புதுசு போச்சு, பழசுக்கு வயரே சேரலைங்கறார் எலக்ட்ரீஷியன். எல்லார் கையிலயும் போன் இருக்கு. எதுக்கு இன்னும் இதைக் கட்டிக்கிட்டு அழணும்?"

"கரை கண்ணுக்கு மறைஞ்சா அந்தப் போன் வெறும் டார்ச் லைட்டு. உனக்குத் தெரியாதா? போன வருஷம் இஞ்சின் நின்னு மிதந்த நீலப்படகு யாரைக் கூப்பிட்டுச்சு? உன் போனையா?"

"அது என்னமோ ஒரு தடவை."

"முங்கறதும் ஒரு தடவைதான்டா."

அந்த 'டா' அவன் காதில் சுருக்கென்று ஏறியது. திரும்பி வாசலைப் பார்த்தான். யாருமில்லை என்று தெரிந்ததும் குரல் தணிந்தது.

"அக்கா, உனக்கு ஐம்பத்தெட்டு ஆகுது. வீட்ல உக்காரேன். உன்னை யாரு வேண்டாம்னு சொன்னாங்க?"

"இப்பத்தான் ஒருத்தர் சொன்னாரு. சட்டைப் பையில பேனா வெச்சிருந்தாரு."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். பிறகு செயலாளராகவே பேசினான். "சரி. வெள்ளிக்கிழமை நாலு மணி வானிலையை இந்தப் பெட்டியில படிச்சுக் காட்டுங்க. படிச்சா, ஐஸ் பெட்டித் தீர்மானத்தை உங்க கண் முன்னாடியே கிழிச்சுப் போடறேன். படிக்கலைன்னா சாவியைக் கொடுத்துடணும்."

"கிழிக்கறதுக்கு வாகா மெல்லிசு காகிதமாப் பாத்து எழுதுங்க, செயலாளர் சார்."

அவன் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்றைக்குப் பதினோரு படகு வெளியே. நாலு நாளாகக் கரை பேசவில்லை. அங்கே அவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருப்பார்கள்? இந்தத் தம்பியை இடுப்பில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவள் அவள். அழுதால் இறக்கிவிடமாட்டாள், இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பழக்கம் இந்த வயதிலும் போகவில்லை. எதையும் இறக்கி வைக்க வராது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைய முடியாது. அளவாவது வேண்டுமே. கை கழுவும் தொட்டியில் ஊறிக் கொழகொழத்துக் கிடந்த குளியல் சோப்பு கண்ணில் பட்டது. அதை எடுத்துக் குழாயின் மேல் நேராக வைத்து அழுத்தி, அலுங்காமல் இழுத்தாள். சோப்பில் வட்டமாக ஒரு குழி விழுந்தது. காய்ந்ததும் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பழைய இரும்புக் கடை. கடைக்காரி பேருந்திலிருந்து கழற்றிய சீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து கம்பி உரித்துக்கொண்டிருந்தாள். சோப்பைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா, யார் வீட்டுச் சாவி இது? சோப்புல அச்செடுத்துக்கிட்டு வர்றவங்களை எனக்கு நல்லாத் தெரியும். எல்லாரும் உள்ள இருக்காங்க."

"சாவி இல்லம்மா. வயர்லெஸ் பெட்டியோட ஏரியல் வாய். மரை தேஞ்சிருச்சு. இந்த அளவுக்குத் திருகு பிளக் ஏதாவது கிடைக்குமா?"

கடைக்காரி ஒரு தகரப் பெட்டியைக் கவிழ்த்தாள். பித்தளையும் வெள்ளிப் பூச்சுமாகப் பிளக்குகள் கலகலவென்று கொட்டின. ஒவ்வொன்றாகச் சோப்புக் குழியில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்று தொளதொள, ஒன்று உள்ளேயே போகவில்லை. ஒன்று கிட்டத்தட்டப் பொருந்தியது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது, எலக்ட்ரீஷியன் மூன்று தடவை கீழே போட்ட அதே ஜாதி.

கடைக்காரி சோப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்த ரெண்டு கோடு என்னம்மா?"

"எங்கே?"

"குழிக்குள்ள பாருங்க. மேலேருந்து கீழே ஒண்ணு. அதுக்கு நேர் எதிர்ல இன்னொண்ணு."

"இழுக்கும்போது கீறியிருக்கும்."

"கை நழுவிக் கீறினா ஒரு பக்கம் கீறும். இப்படி எதிரும் புதிருமா அளந்து வெச்சாப்பல கீறுமா? நீங்க வேற."

அவள் சோப்பைக் கையில் வாங்கிக்கொண்டாள். கோடு இரண்டும் சரியாக எதிரெதிரே ஓடின. அப்படியானால் குழாயின் இரு பக்கமும் ஏதோ துருத்திக்கொண்டிருக்கிறது. இரண்டு சின்னக் காது. அவள் தலையை நிமிர்த்தினாள். கடையின் உத்தரத்தில் ஒரு குண்டு பல்பு தொங்கிக்கொண்டிருந்தது. பித்தளைக் கழுத்து, கழுத்தில் இரண்டு குமிழ்.

"அந்த பல்பை எப்படி மாட்டுவீங்க?"

"இது என்ன கேள்வி? அமுக்கித் திருப்பணும்."

"மரை தேயலைம்மா," என்றாள் அவள். "மரையே கிடையாது. பொறந்ததுலேருந்தே கிடையாது. அந்த மனுஷன் மூணு நாளா இல்லாத மரையைத் தேடிக்கிட்டு இருக்கான்!"

"அமுக்கித் திருப்பற ஜாதியா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" கடைக்காரி எழுந்து போய் இன்னொரு டப்பாவிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்து வந்தாள். "இதானே? பழைய ஆஸ்பத்திரி மெஷின்ல வரும். பி.என்.சி.ம்பாங்க."

சோப்புக் குழியில் அது குழந்தைக்கு அப்பன் சட்டை போட்ட மாதிரி ஆடியது.

"சின்னது. ஆனா ஜாடை இதேதான்."

"அப்ப இது தங்கச்சி. உங்களுக்கு அக்கா வேணும்." கடைக்காரி பாதி பிரித்துப் போட்டிருந்த பச்சைப் பெட்டி ஒன்றின் வயிற்றுக்குள் கையை விட்டு, ஒரு முழ வயரோடு ஒன்றை வெட்டி எடுத்தாள். தடித்த பிளக். கழுத்துப்பட்டையில் எதிரெதிராக இரண்டு பள்ளம். "என் வீட்டுக்காரர் இதை சி டைப்னு சொல்வார். இதைக் கேட்டு இதுவரைக்கும் ஒரு ஈ காக்கா வந்ததில்ல. எதுக்கும்மா இது?"

"ஒருத்தன் வாயை அடைக்க."

"அப்படிச் சொல்லுங்க. அப்ப சும்மாவே எடுத்துட்டுப் போங்க."

வெள்ளிக்கிழமை காலையில் பெயிண்ட் தின்னரில் துணியை நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டினாள். ஊறியதும் கொண்டை ஊசியால் சுரண்டினாள். சாம்பல் தோல் தோலாக உரிந்தது. அடியிலும் சாம்பல், அதற்கடியிலும் சாம்பல். கடைசியில் இடப் பக்கம் ஒரு பித்தளைக் குமிழ் எட்டிப் பார்த்தது. பிறகு வலப் பக்கம். கிடங்குக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். துறைமுகத்தில் அசையாமல் நிற்கிற எதன் மேலும் வருஷத்துக்கொரு தடவை பெயிண்ட் அடிப்பது அவர் வேலை. படகுக்குக் காத்து நிற்கிறவர்கள்கூட அவரைக் கண்டால் கொஞ்சம் நகர்ந்து நிற்பார்கள்.

"ஏன்யா, இதுக்கு மேலேயுமா அடிப்பே?"

"துளைக்குள்ள பெயிண்ட் போயிடக் கூடாதுன்னு துணி அடைச்சுட்டுத்தான் அடிச்சேன். அவ்வளவு பதமா!"

"கிடங்குல கிடக்கறதுக்கு எதுக்குய்யா பெயிண்ட்? யாரு சொன்னது?"

"நீங்கதான்! வருஷா வருஷம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களே. 'அறை, கிடங்கு, உலோகச் சாமான் எல்லாம் ரெண்டு பூச்சு. ஒண்ணு விடக் கூடாது.' நான் ஒண்ணும் விடல."

ஏழு வருஷம், பதினாலு பூச்சு, எல்லாம் தன் கையெழுத்தில். பத்தொன்பது வருஷம் இந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்தியும், அதன் முதுகில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை. பொருத்தியவன் பொருத்தினான், அவள் பேசினாள். "சொந்தச் செலவுல சூனியம்," என்று சொல்லிக்கொண்டு ஊசியை மறுபடி எடுத்தாள். மதியம் சாப்பிடவில்லை. புதுப் பெட்டிக்காக ஏழு வருஷம் முன்பு மாட்டிய திருகு பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, புது முனையைக் கம்பத்து வயரோடு ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். விரலில் சுட்ட இடம் தெரிந்தது மணி மூன்றரைக்குத்தான்.

மூன்றே முக்காலுக்குச் செயலாளர் வந்தான். கையில் தீர்மானம். பின்னால் கிடங்குக்காரர் அளவு டேப்போடு வந்தார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"நாலு ஆகட்டுமே," என்றாள்.

"ஆகட்டும். அவர் பாட்டுக்கு அளந்துக்கிட்டு இருப்பார். ஐஸ் பெட்டிக்கு எத்தனை அடின்னு கமிட்டிக்குச் சொல்லணும்."

கிடங்குக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல், சுவரிலிருந்து சுவருக்கு டேப்பை இழுத்துத் தரையில் கிடத்தினார். அவள் பெட்டியின் பின்னால் கை விட்டாள். கண்ணுக்குத் தெரியாத இடம். விரல்தான் தேடியது. காதும் பள்ளமும் சேர்ந்த இடத்தில் அமுக்கினாள், திருப்பினாள். 'டக்'கென்ற சின்ன ஓசை. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

ஸ்பீக்கரின் வெற்று இரைச்சல் சட்டென்று ஆழமானது. அதற்குள்ளிருந்து இரண்டு குரல்கள் மேலே வந்தன.

"...இன்னிக்கும் கரை பேசாது பாரு. கரையக்காவை வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம்."

"யார்யா சொன்னது?"

"செயலாளரோட மச்சானே சொன்னான். அறையில ஐஸ் பெட்டி வரப் போகுதாம்."

"அப்ப இனிமே வானிலையை ஐஸ் பெட்டிகிட்டதான் கேக்கணும்."

செயலாளர் ஜன்னலைப் பார்த்தான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடிகாரத்தில் முள் நாலைத் தொடும்வரை பொறுத்திருந்து, பொத்தானை அமுக்கினாள்.

"கரை பேசுது. ஐஸ் பெட்டி இல்லை, நான்தான். சிரிச்சது போதும், எழுதிக்குங்க."

ஸ்பீக்கர் கரகரத்தது. பிறகு ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். "அக்கா!" "கரையக்கா!" அவள் அதட்டி அடக்கினாள். காற்றின் திசை, அலையின் உயரம், தெற்கே திரளும் மேகம் எல்லாவற்றையும் வழக்கமான நிதானத்தில் படித்தாள். படகு படகாகக் கூப்பிட்டு ஆள் கணக்குக் கேட்டாள். பத்து படகு பதில் சொன்னது. பதினொன்றாவது, நீலப்படகு, சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல்: "இருக்கோம் அக்கா. ஆறு நாளாக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தோம்."

கிடங்குக்காரர் டேப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா," என்றான் செயலாளர், மெதுவாக. "ஆறு பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுட்டாங்க. நான் மட்டும் கிழிச்சா..."

"நாலு மணிக்குப் படிச்சா கிழிக்கறேன்னு சொன்னது அந்த ஆறு பேரா?"

அவன் காகிதத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். அது மெல்லிய காகிதம்தான்.

"அக்கா, காலைல இருப்பீங்களா?" என்றது நீலப்படகு.

அவள் தம்பியைப் பார்த்தபடியே பொத்தானை அமுக்கினாள். "ஆறு மணிக்கு. இதே நாற்காலியில."

கிடங்குக்காரர் தயங்கித் தயங்கி டேப்பைச் சுருட்டத் தொடங்கினார். பாதியில் அது நின்றுவிட்டது. நாற்காலியின் பின்கால் டேப்பின் மேல் இருந்தது. லேசாக இழுத்துப் பார்த்தார். டேப் விறைத்து, வில் நாண்போல ஒரு தடவை அதிர்ந்தது. அவள் குனிந்து பார்த்தாள். பிறகு அடுத்த படகின் கேள்விக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு, நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.