பத்து எண்ணும் நேரம்

பாபநாசம் அரசு மருத்துவமனையில் செவிலியர் குந்தவை நிரப்பிய இருபத்துமூன்று மனநலப் படிவங்களிலும் ஒரே விடை: பூஜ்யம், பூஜ்யம்.

பயிற்சி கொடுக்க வந்திருந்த மனநலச் செவிலியர் ஆஷ்லின் அவற்றைப் புரட்டினாள். "பாபநாசத்துல யாருக்குமே மனச்சோர்வு இல்ல போலக்கா. நான் இங்கயே குடிவந்துடவா?"

பத்தொன்பது வருட சர்வீஸ் குந்தவைக்கு. ஆஷ்லினுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் கோபம் வரவில்லை, உறுத்தியது. கேள்வி இரண்டுதான்: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்றுப் போனதா. ஒருநாளும் இல்லையென்றால் பூஜ்யம், அநேகமாகத் தினமும் என்றால் மூன்று. இரண்டும் சேர்ந்து மூன்றைத் தொட்டால் மேலும் ஏழு கேள்வி, பிறகு டாக்டர். சர்க்கரை மாத்திரைக்கு வந்தவர்கள் எல்லாரும் "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றார்கள். அவர்களில் யாரோ ஒருவர் பாரத்தோடு வந்து பாரத்தோடே திரும்பியிருப்பாரே.

"பல்ஸ் பாக்கும்போது நடுவுல பேசுவீங்களா?" என்றாள் ஆஷ்லின்.

"எண்ணிக்கை தப்பிடுமே."

"இதுக்கும் அப்படித்தான். கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. நீங்க கேட்ட கையோட அடுத்த சீட்டை எடுத்துடறீங்கக்கா. பின்ன அவங்க எப்படிச் சொல்லுவாங்க?"

அடுத்து வந்தவர் வீரையன். பின்னாலேயே பையோடு அவர் மனைவி அம்சம். முதல் கேள்விக்கு அம்சமே முந்திக்கொண்டாள்.

"அவருக்கென்ன சிஸ்டர். ஆத்துல தண்ணி வந்ததுலேந்து வயலே கதின்னு கெடக்காரு. வீட்டுல ஒருத்தி இருக்கான்னாவது ஞாபகம் இருக்கோ என்னமோ."

"ஐயாவே சொல்லட்டும்க்கா" என்றாள் குந்தவை.

"எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க" என்றார் வீரையன்.

இரண்டாவது கேள்வியைக் கேட்டுவிட்டுக் குந்தவை எண்ணத் தொடங்கினாள். வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள். நான்கு. ஐந்து. வீரையன் இல்லையென்று தலையாட்டினார். அவள் அடுத்த சீட்டை எடுக்கவில்லை. ஏழு.

"எனக்கு அப்படித் தோணுது" என்றாள் அம்சம்.

வீரையன் திரும்பிப் பார்த்தார்.

"தெனமும்தான். காலையில எழுந்திருக்கவே புடிக்கல. சோறு வடிக்கிறப்ப, எதுக்கு வடிக்கிறோம்னு அப்படியே நின்னுடறேன்." சட்டென்று பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "என்னை எழுதாதீங்க சிஸ்டர். நான் கூட வந்தவதானே."

'எல்லாம் சரியாப் போயிடும்க்கா' என்று குந்தவைக்கு நாக்கு நுனிவரை வந்தது. பத்தொன்பது வருடமாகச் சொல்லி வந்த வாக்கியம். விழுங்கிக்கொண்டாள். ஆஷ்லின் வரிசையைத் தன் மேஜைப்பக்கம் திருப்பி, நடுவில் திரையை இழுத்துவிட்டாள். எவ்வளவு கச்சிதமாக வேலை செய்கிறாள் என்று குந்தவை நினைத்துக்கொண்டாள்.

புதுச்சீட்டு ஒன்றை எடுத்தாள். "பேரும் வயசும் சொல்லுங்கக்கா."

வீரையன் எழுந்து, மனைவியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அம்சம்" என்றாள் அவள், உட்கார்ந்தபடி. "அம்பத்தி நாலு."

குந்தவை முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தாள்.