கான்கிரீட்டுக்குப் பனியன்

ராமாத்தாள் பஞ்சைப் பாலில் நனைத்துத் தம்பியின் உதட்டில் பிழிந்தாள். ஒரு சொட்டு உள்ளே போனது, மறு சொட்டு கன்னத்தில் வழிந்தது. கூடியிருந்த ஒறம்பரைச் சனம் மொத்தமும் மகுடேஸ்வரனின் மார்பையே பார்த்தது. மார்பு ஏறியது, இறங்கியது, கொஞ்சம் தயங்கியது, பிறகு மறுபடியும் ஏறியது.

"போகமாட்டீங்கறானே!" ராமாத்தாள் பஞ்சைக் கிண்ணத்திலேயே போட்டாள். "என்னத்துக்குடா சாமி இப்படி இழுத்துக்கிட்டுக் கெடக்கற?"

மகுடேஸ்வரனின் மனைவி மயிலாள் அந்த நேரம் கட்டிலருகில் இல்லை. சமையலறையில், கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து அவளுக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. சமையலறை, கொல்லை, மாடிப்படி, திரும்பவும் சமையலறை. "அம்மா, செத்த நேரம் உக்காரும்மா" என்று மகள் அனுப்பிரியா கெஞ்சிப் பார்த்துவிட்டாள். எப்படி உட்காருவது? உட்கார்ந்தால் பால் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பயந்துதான் இந்த ஓட்டம்.

மற்றவர்கள் எல்லாரும் ஊற்றியாயிற்று. அக்கா ஊற்றினாள், மகள் ஊற்றினாள், பக்கத்துக் காம்பவுண்டு ஓவர்லாக் டெய்லர்கூட ரெண்டு சொட்டு விட்டுவிட்டு வேலைக்குப் போனார். மண்ணாசையாக இருக்கும் என்று ராயபுரத்துப் பழைய வீட்டு மண்ணைக் கொண்டுவந்து கரைத்து ஊற்றினார்கள். பொன்னாசையாக இருக்கும் என்று மோதிரத்தை உரசி ஊற்றினார்கள். எதற்கும் அந்த உயிர் மசியவில்லை.

"மண்ணு ஆச்சு, பொன்னு ஆச்சு. பாக்கி என்ன இருக்குது?" என்று வாசலில் ஒரு கிழவர் கேட்டது சமையலறைவரைக்கும் கேட்டது. "பொண்டாட்டியக் கூப்புட்டு ஊத்தச் சொல்லுங்கப்பா."

ராமாத்தாள் கிண்ணத்தோடு சமையலறைக்கே வந்துவிட்டாள். "ஏ மயிலா, நீ ஏன் இப்படி ஓடி ஒளியற? உன்ற கையால இத்தனி ஊத்து. நிம்மதியாப் போயிருவான்."

"முடியாதுங்க நங்கையா."

"ஏன் முடியாது?"

மயிலாள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். நாத்தனாரிடம் இதை எந்த வாயால் சொல்வது? ஊற்றி அவர் போய்விட்டால், அனுப்பிவைத்தவள் என்று காலத்துக்கும் மனசு அறுக்கும். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். ஊற்றியும் போகாவிட்டால்? இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும், இந்த மனுஷன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடப்பது தனக்காக இல்லை என்று ஊருக்கே தெரிந்துபோகும். ஊர் கிடக்கிறது, அவளுக்கே தெரிந்துபோகும். பயம் அதுதான்.

பயப்படக் காரணமும் இருந்தது. மகுடேஸ்வரன் நெருப்பெரிச்சல் என்கிற இந்த ஊரில் வீட்டுக்குப் பின்னாலேயே நிட்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டு, தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தவர். ஒருநாள் பக்கத்துக் கட்டடத்தில் கான்கிரீட்டைத் தாங்கியிருந்த சென்ட்ரிங்கைப் பிரித்து, உளுத்த பலகைகளை மலையாகக் குவித்து எரிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். "ஊருக்கெல்லாம் பனியன் போடறோம், கான்கிரீட்டுக்கு ஒண்ணு போட முடியாதா?" என்று கேட்டார். அன்றைக்குப் பிடித்தது கெரகம். வேண்டிய வடிவத்திலேயே மிஷினில் துணியைப் பின்னி, இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, முதலில் சிமெண்டுப் பால் பூசி விறைக்க வைப்பார். அதன்மேல் மெலிசாகக் கான்கிரீட். பலகையும் வேண்டாம், தகரமும் வேண்டாம். வளைவாக நிற்பதால் பாதி சிமெண்டு போதும், சிமெண்டு சூளை கக்குகிற புகையும் பாதியாகும் என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திச் சொல்வார்.

முதல் தூண் தொப்பை போட்டது. பனியன் துணி இழுவை கொடுக்கும் என்பதைப் பனியன்காரரே மறந்துபோனார்! அடுத்து ஊற்றிய இரண்டு கூரையும் சட்டத்தை அவிழ்த்ததும் பொத்தென்று விழுந்தன. "கான்கிரீட்டுக்குப் பனியன் போடறவரு ஊடுங்களா?" என்று ஆட்டோக்காரர்களே அடையாளம் கேட்டார்கள். கல்யாண வீடுகளில் மயிலாளைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பழனிக்குப் போகலாம் என்றால், "இந்தக் கூரை நிக்கட்டும், போலாம்" என்பார். இப்போது கொல்லையில் இருப்பது மூன்றாவது கூரை. அதற்குக் கான்கிரீட் ஊற்றிவிட்டு வந்து சோற்றில் கை வைத்தவர், அப்படியே சாய்ந்தார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

வாசலில் யாரோ சொன்னார்கள்: "இந்தப் பாலுக்கெல்லாம் அவரு அசையமாட்டாருங்க. சிமெண்டுப் பால் ஊத்திப் பாருங்க!"

சாவுக்குக் காத்திருக்கிற வீட்டில் இரண்டு பேர் சிரித்தும்விட்டார்கள். ராமாத்தாளுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு கோபம் போய் யோசனை வந்தது. கிண்ணத்தை அடுப்புத் திட்டில் வைத்துவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்து மேஸ்திரி தமிழ்செல்வனைக் கூப்பிட்டாள். அவர் அந்தக் கூரையடியிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அதப் பிரிச்சுக் காட்டறதுக்கு இன்னும் நாள் ஆகோணுமா?"

"நாளாயிருச்சுங்க. அண்ணன் எந்திரிச்சு வரட்டும்னு இருந்தனுங்க."

"அவன் எங்க எந்திரிக்கறது! பிரி. அந்த ஆசையிலதான் சீவன் இழுக்குதோ என்னமோ."

தமிழ்செல்வன் மயிலாளைப் பார்த்தார். "பிரிக்கலாங்களா அக்கா?"

"பிரிங்க," என்றாள் மயிலாள். சொல்லிவிட்டு நிற்க முடியவில்லை. கட்டில்வரைக்கும் போனாள், அங்கிருந்து கொல்லை வாசற்படிக்கு வந்தாள், மறுபடியும் கட்டிலுக்குப் போனாள். கொல்லையில் போல்ட்டைத் தட்டும் சத்தம் டங் டங்கென்று கேட்டது. ஒவ்வொரு சட்டமாக இறங்கியது. துணி மூடிய கூரை மேலே அப்படியே இருந்தது.

விழுந்துவிட்டால் தேவலை என்று ஒரு நினைப்பு வந்தது அவளுக்கு. அது நின்று, அந்தச் சேதி கேட்டு இவர் கண்ணை மூடிவிட்டால், இந்த வீட்டில் தனக்கு என்ன இடம்? நாக்கைக் கடித்துக்கொண்டாள். மனுஷன் உயிரைக் கொடுத்துச் செய்ததைப் போய் விழட்டும் என்கிறாயே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். முருகா, நிக்கட்டும். வேண்டாம், விழட்டும். ஐயோ, எனக்கு ஒண்ணும் தெரியவில்லையே சாமி.

கடைசிச் சட்டமும் விழுந்த சத்தம் கேட்டது. துணியை உரிக்கிற சத்தமும் கேட்டது. பிறகு கூரைமேலிருந்து தமிழ்செல்வன் தொண்டை கிழியக் கத்தினார்.

"நின்னுருச்சு! நின்னுருச்சுங்க!"

கத்தியது கூரையைப் பற்றித்தான். ஆனால் வாசலில் இருந்த பெண்கள் காத்துக்கொண்டிருந்தது வேறு சேதிக்கு. மூச்சுத்தான் நின்றுவிட்டது என்று எண்ணி, "அய்யோ ராசா!" என்று ஒருத்தி மாரில் அடித்தாள். தெருவே சேர்ந்து ஒப்பாரியை ஆரம்பித்தது. கொல்லை வாசற்படியில் நின்ற மயிலாளுக்கும் அப்போது கூரை ஞாபகம் இல்லை. ஒரு சொட்டுக்கூட என் கையால் வாங்காமல் போய்விட்டாரே என்று ஓடினாள். வாசல் நிலை இடித்து நெற்றி வீங்கியதுகூடத் தெரியவில்லை. கட்டிலில் விழுந்து மார்பில் காதை வைத்தாள்.

மார்பு ஏறியது. இறங்கியது.

"அட, சும்மா இருங்க!" என்று கத்தினாள். "உசுரு இருக்குது! நின்னது கூரைங்க!"

ஒப்பாரி பாதியில் அறுந்தது. மாரில் அடித்துக்கொண்டவள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலையைச் சரிசெய்தாள். தமிழ்செல்வன் சிமெண்டுக் கையோடு ஓடிவந்து, மகுடேஸ்வரனின் காதருகே குனிந்தார். அவருக்குக் கண்ணீர் கொட்டியது.

"அண்ணா, நம்ம கூரை நின்னுருச்சுங்ணா. துணிய உரிச்சுப் பாத்தனுங்க, ஒரு கீறல் இல்ல. நானே மேல ஏறி நின்னு பாத்துட்டனுங்ணா."

எல்லாரும் மார்பைப் பார்த்தார்கள். அனுப்பிரியா அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வந்தது, போனது, தயங்கியது, திரும்பவும் வந்தது. தமிழ்செல்வன் இன்னொரு தரம், இன்னும் சத்தமாகச் சொன்னார். ஒரு மாற்றமும் இல்லை.

"அப்ப இதுக்கும் இல்ல," என்றாள் ராமாத்தாள்.

யாரும் மயிலாளின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எல்லாக் கண்களும் அவள் பக்கம்தான் திரும்பின.

மயிலாள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சாகக் கிடக்கிற புருஷன் பக்கத்தில் இப்படியும் ஒரு சந்தோஷம் வருமா என்று வெட்கமாகவும் இருந்தது. எனக்காகத்தான், இந்த மனுஷன் எனக்காகத்தான் கிடக்கிறார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவருடைய கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

ராமாத்தாள் அடுப்புத் திட்டிலிருந்த கிண்ணத்தை எடுத்துவந்து அவள் கையில் வைத்தாள். "ஊத்து மயிலா. உனக்குத்தான் காத்துக்கிட்டுக் கெடக்கறான்."

அப்போதுதான் மயிலாளுக்கு உறைத்தது. ஊற்றினால் போய்விடுவார். இனி அதில் சந்தேகமே இல்லை.

பஞ்சை நனைத்தாள். உதடுவரைக்கும் கொண்டுபோனாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

"பால் சுடுதுங்க நங்கையா," என்றாள். "செத்த ஆறட்டும்."

ராமாத்தாள் கிண்ணத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். காலையில் காய்ச்சிய பால், ஆடை கட்டிச் சில்லென்று இருந்தது. விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாமா, சுடத்தான் செய்யுது," என்றாள். பிறகு வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "எல்லாரும் போயி ஆளுக்கொரு டீயக் குடிச்சுட்டு வாங்க. இது ஆற நேரமாகும்."